தினமும் ஜெபிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், வேதமும் ஓரளவு வாசிக்கிறேன். ஆனால் தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை, மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, தினமும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஒரு வேலைக்காக ஒரு வருடம் ஜெபித்தேன், கிடைக்கவில்லை. அதோடு அந்த ஐந்து நிமிடமும் நின்றுவிட்டது. வீட்டில் குடும்ப ஜெபம் என்றாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள்."

ஆமாம், தினமும் ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நம் ஊர்ப் பிரசங்கங்களில் வழக்கமாகச் சொல்கிற காரணங்கள் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜெபித்தால் காரியம் வாய்க்கும், ஜெபிக்காவிட்டால் சாத்தான் புகுந்துவிடுவான், ஜெபிக்காமல் வண்டியை எடுத்தால் விபத்து நடக்கும் என்றெல்லாம் சொல்லிப் பயமுறுத்தி ஆரம்பித்து வைக்கிற ஜெபம், பயம் தெளிந்த அன்றைக்கே நின்றுபோகும். ஆசை காட்டி ஆரம்பித்ததும் அப்படித்தான், கேட்டது கிடைத்தாலும் நிற்கும், கிடைக்காவிட்டாலும் நிற்கும். உங்களுக்கு நடந்தது இதில் இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

அதனால் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். மாற்கு முதல் அதிகாரம். கப்பர்நகூமில் ஓர் ஓய்வுநாள். இயேசு ஜெப ஆலயத்தில் போதிக்கிறார், அங்கேயே அசுத்த ஆவி பிடித்த ஒருவனைக் குணமாக்குகிறார். அங்கிருந்து நேராக சீமோன் வீடு. சீமோனின் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள், கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், அந்த அம்மா எழுந்து பந்தி பரிமாறவே ஆரம்பித்துவிடுகிறாள். பொழுது சாய்ந்து ஓய்வுநாள் முடிந்ததும் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஊரே வாசலில் வந்து நிற்கிறது. அன்று எத்தனை மணிக்குப் படுத்தாரோ. ஆனால் மறுநாள் என்ன நடந்தது பாருங்கள்: "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்" (மாற்கு 1:35).

இந்த வசனத்தை வைத்துப் பிரசங்கம் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவர் அதிகாலையில் எழுந்தார், நீங்களும் நாலு மணிக்கு அலாரம் வையுங்கள், ஆமென். அடுத்த மூன்று வசனங்களை வாசித்தால்தான் விஷயம் புரியும். சீமோனும் கூட இருந்தவர்களும் அவரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள், கண்டுபிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். சீமோன் பக்கம் யோசித்தால் அதில் தப்பே இல்லை. நேற்று ஊரே திரண்டது, இன்றைக்கும் வாசலில் ஆள் நிற்கிறது, அதில் உண்மையாகவே நோயாளிகள் இருக்கிறார்கள். நம்மில் யாராக இருந்தாலும் உடனே திரும்பிப் போய், அந்த வாசலிலேயே ஊழியத்துக்கு ஒரு போர்டு மாட்டியிருப்போம். இயேசுவோ, அடுத்த ஊர்களுக்குப் போகலாம் வாருங்கள், அங்கேயும் பிரசங்கிக்க வேண்டும், அதற்காகத்தானே புறப்பட்டு வந்தேன் என்கிறார்.

அந்த இருட்டில் அவர் என்ன ஜெபித்தார் என்று மாற்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஜெபத்திலிருந்து எழுந்து வந்தவர் எந்தப் பக்கம் நடந்தார் என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். தினசரி ஜெபத்துக்கு நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய காரணம் இல்லை. அன்றன்றைக்கு எந்தப் பக்கம் நடப்பது என்பது அங்கேதான் தெளிகிறது. லூக்காவும் இதே மாதிரி ஓர் இடத்தைக் காட்டுகிறார். பன்னிரண்டு சீஷர்களைத் தெரிந்துகொள்வதற்கு முந்தின இரவு முழுவதும் இயேசு மலையில் ஜெபித்துக்கொண்டிருந்தார் (லூக்கா 6:12).

இப்போது நம் காலையைப் பாருங்கள். கண் விழித்ததும் கை போகிற இடம் போன். ஆபீஸ் குரூப்பில் எட்டு மெசேஜ், சொந்தக்காரர் குரூப்பில் ஒரு சண்டை, ஸ்கூல் குரூப்பில் நாளைக்குப் பச்சைக் கலர் டிரஸ் என்று ஓர் அறிவிப்பு. எல்லாரும் தேடுகிறார்கள். தேடுகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் கேட்பதும் நியாயமாகவே இருக்கும், ஆனால் அவர்கள் இழுத்த இழுப்புக்கே நாள் முழுவதும் ஓடிவிட்டு இரவில் படுக்கும்போது, நாம் இன்று செய்திருக்க வேண்டியதை மட்டும் செய்யவில்லை என்று தோன்றும். நான் உங்களிடம் நாலு மணி கேட்கவில்லை. போனைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கேட்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை ஆலயத்தில் ஜெபித்தால் போதாதா என்பதற்கும் இதுவே பதில், இழுப்பு தினமும் இருக்கிறதே.

சரி, கடவுளுக்கு எல்லாம் தெரியுமே என்ற கேள்விக்கு வருவோம். இது புதுக் கேள்வி இல்லை, இயேசுவே அதை எடுத்துப் பேசியிருக்கிறார். "உங்கள் பிதாவை நோக்கி நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்" (மத்தேயு 6:8). சொல்லிவிட்டு, அதனால் ஜெபிக்க வேண்டாம் என்று முடிக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே, இப்படி ஜெபியுங்கள் என்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லித் தருகிறார். அப்படியானால் அவர் அறிந்திருக்கிறார் என்பது ஜெபத்தை விடுவதற்கான காரணம் இல்லை. சுற்றி வளைக்காமல் ஜெபிப்பதற்கான தைரியம் என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தகவல் கொடுக்கிற வேலை நமக்கு இல்லை. கெஞ்சிக் கூத்தாடி, சத்தத்தைக் கூட்டி, ஒரே வரியை முப்பது தடவை சொல்லி அவர் மனதைக் கரைக்கிற வேலையும் இல்லை. பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான் ஆகும். கற்றுத் தந்தவரே அவ்வளவு சின்னதாகத்தான் தந்திருக்கிறார்.

அந்த ஜெபத்துக்குள்ளேயே 'தினமும்' என்பதும் இருக்கிறது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." இந்த மாதத்துக்கு என்றோ இந்த வருடத்துக்கு என்றோ இல்லை, இன்றைக்கு. இதை முதலில் கேட்டவர்களில் பலர் அன்றாடக் கூலிக்காரர்கள், மீன்பிடிக்காரர்கள். ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொன்னது (உபாகமம் 24:15), ஏனென்றால் அன்றைக்குக் கூலி வந்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். வனாந்தரத்தில் மன்னாவும் அப்படியே. ஒரு நாளுக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம், நாளைக்கும் ஆகட்டும் என்று எடுத்து வைத்தால் புழு வைத்து நாறிப்போகும், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் விதிவிலக்கு (யாத்திராகமம் 16). மாதச் சம்பளமும் பிரிட்ஜும் வந்த பிறகு இந்த வரியின் கனம் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள், ஆகாரத்தோடு ஒட்டிக்கொண்டே மன்னிப்பு வருகிறது. பிரிட்ஜில் வைக்க முடியாத சரக்கு அது. நேற்று மனைவியோடு போட்ட சண்டைக்கான மன்னிப்பை இன்றைக்குத்தான் கேட்க வேண்டும், போன வருடம் கன்வென்ஷனில் அழுதது இதற்கு ஈடாகாது.

இன்னொன்று, அந்த ஜெபத்தில் 'எனக்கு' என்று ஓர் இடத்தில்கூடக் கிடையாது. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக ஜெபி என்றவர், உள்ளே போய்ச் சொல்வதற்குக் கொடுத்த வார்த்தை 'எங்கள்'. பக்கத்து வீட்டுக்காரனின் சாப்பாடும் அதில் சேர்த்தி. இதைத் தினமும் சொல்லிக்கொண்டே அவனோடு காம்பவுண்டுச் சுவருக்காக வருடக்கணக்கில் கேஸ் நடத்துவது கஷ்டம். நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆதிச் சபைக்கு இதெல்லாம் பழக்கமாகவே இருந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ எழுதப்பட்ட டிடாக்கே என்ற சிறிய போதனை நூல், பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லுங்கள் என்கிறது. அது யூதர்களிடமிருந்து வந்த வழக்கம். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்று சங்கீதம் 55 சொல்கிறது, தானியேலும் மூன்று வேளை ஜெபித்தார். கத்தோலிக்கச் சகோதரர்களின் மூவேளை செபமும் கோயில் மணியும் அந்த மூன்று வேளைக் கணக்கில்தான் வருகின்றன. தானியேல் கதையில் நான் எப்போதும் கவனிப்பது சிங்கக் குகையை அல்ல. ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை கையெழுத்தான பிறகு அவர் வீட்டுக்குப் போய், "தான் முன் செய்துவந்தபடியே" ஜெபித்தார் என்று எழுதியிருக்கிறதே, அந்த மூன்று சொற்களை. ஆபத்து வந்ததும் அவர் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை. நேற்றுச் செய்ததை இன்றைக்கும் செய்தார்.

இனி உங்களை உண்மையில் வாட்டுகிற பிரச்சினை, மனம் அலைவது. இதற்கு நான் படித்ததிலேயே உருப்படியான ஆலோசனை ஒரு நாவிதருக்கு எழுதப்பட்டது. ஜெர்மனியின் விட்டன்பர்க் ஊரில் பேதுரு என்று ஒரு முடிதிருத்துபவர், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் பழைய நண்பர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்க, லூத்தர் 1535இல் அவருக்காகவே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். இறையியல் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்து ஒரு நாவிதருக்காக எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பிடித்த விஷயம். அதில் பேதுருவின் தொழிலையே எடுத்துச் சொல்கிறார்: நல்ல நாவிதன் கண்ணையும் எண்ணத்தையும் கத்தியின்மேலும் முடியின்மேலும் வைத்திருப்பான், பேச்சு சுவாரசியத்தில் வேறெங்காவது பார்த்தால் வாயையோ மூக்கையோ, ஏன், கழுத்தையே அறுத்துவிடுவான். எந்த வேலைக்கும் முழு மனம் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆனால் கவனமாக இரு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, வழியும் சொல்கிறார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும், இதோ ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன், முதலில் இந்த ஒரு வேலையை முடித்துவிடுகிறேன் என்று வருகிற நினைப்பை நம்பாதே என்கிறார். தனக்கே மனம் வறண்டுபோகிற நாட்கள் உண்டு, அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடுவேன், பத்துக் கட்டளைகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் ஒரு குழந்தையைப் போல எனக்கு நானே சொல்லிக்கொள்வேன் என்கிறார். அப்புறம் ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு நாலு விதமாகப் பார்க்கச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம், இதில் நான் எங்கே தவறினேன், இதையொட்டி என்ன கேட்கலாம். அவ்வளவுதான். அதற்கு நடுவே நல்ல எண்ணம் ஒன்று வந்து உன்னைப் பிடித்துக்கொண்டால் மீதியை விட்டுவிடு, அந்த எண்ணத்தைக் கேட்டுக்கொண்டிரு, கணக்கை முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதே என்கிறார்.

'களவு செய்யாதிருப்பாயாக' என்ற ஒரு வரியில் இதைச் செய்து பாருங்கள். கற்பிப்பது: பிறருடையது பிறருக்கு. நன்றி: என் சம்பளம், என் வீடு, நேற்று இரவு திருட்டுப் பயம் இல்லாமல் தூங்கியது. தவறியது: ஆபீஸ் நேரத்தில் சொந்த வேலை, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு இரண்டு நாள் பிடித்துக்கொண்ட சம்பளம். கேட்பது: அதை இன்றைக்கே கொடுத்துவிட மனசு. இதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும், என்ன பேசுவது என்ற கேள்வியே வந்திருக்காது. மனம் அலைவதற்கு முக்கியக் காரணம் கையில் ஒன்றும் இல்லாமல் ஜெபத்துக்குப் போவதுதான். வெறுங்கையோடு கண்ணை மூடினால் வேலைதான் ஞாபகம் வரும். அப்படி வருகிற வேலையையும் விரட்ட வேண்டியதில்லை, அதையே ஜெபத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பேதுருவின் கதையில் ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. அதே 1535இல், ஈஸ்டர் சமயத்தில், குடிபோதையில் தன் மருமகனையே குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் போன்றவர்கள் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். பிரசங்கங்களில் இதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. உலகத்திலேயே சிறந்த ஜெபக் கையேடு ஒருவருடைய பெயருக்கே எழுதப்பட்டும் அது அவரைத் தாங்கவில்லை. முறை தெரிந்தவனெல்லாம் ஜெபிக்கிறவன் ஆகிவிடமாட்டான்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை, அதாவது கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கிற நூலை, தமிழில் தந்தார். அந்த ஞானோபதேசத்தில் வீட்டில் சொல்ல ஒரு காலை ஜெபமும் ஒரு மாலை ஜெபமும் உண்டு, இரண்டும் சில வரிகள்தான். காலை ஜெபம் முடிந்ததும் பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ, மாலை ஜெபம் முடிந்ததும் நிம்மதியாக உடனே தூங்கப் போ என்று லூத்தர் குறிப்பும் எழுதியிருக்கிறார். முழு இரவு ஜெபங்களில் கண் எரிய உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் குறிப்பை யாராவது வாசித்துக் காட்டலாம்.

எழுதி வைத்த ஜெபத்தைச் சொல்வது ஜெபமா, அது உதட்டு ஜெபம் அல்லவா, ஆவியில் சொந்தமாக ஜெபிப்பதுதானே ஜெபம் என்று நம் சபைகளுக்குள் ஓயாத ஒரு சண்டை உண்டு. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது சங்கீதம் 22இன் முதல் வரி. "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது சங்கீதம் 31. மூச்சு முட்டுகிற நேரத்தில் அவர் வாயில் வந்தது மனப்பாடமாக இருந்த வார்த்தை. அதற்கு மேல் இதில் வாதாட ஒன்றும் இல்லை. சொந்த வார்த்தை வருகிற நாளில் சொந்த வார்த்தை, வராத நாளில் சங்கீதம். யோசிக்காமல் ஒப்பிப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை, லூத்தரே அந்தப் புத்தகத்தில் பரமண்டல ஜெபத்தைப் பூமியிலேயே பெரிய இரத்தசாட்சி என்கிறார், எல்லாரும் சேர்ந்து அதை அவ்வளவு சித்திரவதை செய்கிறார்களாம். ஆனால் சொந்த ஜெபத்திலும் இதே ஆபத்து உண்டு. நம் சபையில் ஜெபிக்க எழுந்திருப்பவர்கள் 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்பதை எத்தனை தடவை நிறுத்தற்குறி மாதிரிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு ஞாயிறு கவனித்துப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் வேலை. ஒரு வருடம் ஜெபித்தும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உன் விசுவாசம் குறைவு, ஏதோ மறைவான பாவம், தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்கிறவர்கள் யோபுவின் நண்பர்கள் வகை, கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். கெத்செமனேயில் இயேசு ஒரே ஜெபத்தை மூன்று தடவை ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தடவை வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது, முள் அப்படியே இருந்தது. இவர்களுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா?

உங்களிடம் நான் சொல்ல விரும்புவது வேறு. கிடைக்கவில்லை என்றதும் ஜெபத்தை நிறுத்திவிட்டீர்கள் அல்லவா, அந்த ஏமாற்றத்தை அவரிடமே சொன்னீர்களா? பெரும்பாலும் நாம் சொல்வதில்லை. கேட்கும்போது ஜெபிக்கிறோம், கிடைத்தால் சாட்சி சொல்கிறோம், கிடைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறோம், மரியாதைக்காக ஒன்றும் பேசுவதில்லை. சங்கீதக்காரர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது சங்கீதம் 13. சங்கீதம் 88 இன்னும் மோசம், மற்ற முறையீடுகள் கடைசியில் எங்காவது ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பும், இது திரும்புவதே இல்லை, சிநேகிதர்களையும் எனக்குத் தூரமாக்கிவிட்டீர் என்ற புகாரோடு முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கோபமாக இருக்கிறது, உம்மோடு பேசவே பிடிக்கவில்லை என்பதையும் ஜெபமாகச் சொல்லலாம். அந்த ஒரு வருடத்தைப் பற்றி அப்படி ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

ஜெபமும் முயற்சியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேலை விஷயத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். நெகேமியா புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூசான் அரண்மனையில் ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது, உட்கார்ந்து அழுகிறார், உபவாசித்து ஜெபிக்கிறார். ராஜா அவர் முகவாட்டத்தைப் பார்த்துவிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது நிசான் மாதத்தில், அதாவது ஏறக்குறைய நாலு மாதம் கழித்து. அப்போது என்ன செய்தார்? "பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" ராஜாவுக்குப் பதில் சொன்னார். ராஜா எதிரே காத்திருக்கும்போது எவ்வளவு நேரம் ஜெபித்திருக்க முடியும், ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் நாலு மாத ஜெபம் இருக்கிறது. அதோடு, பதிலைப் பாருங்கள், எவ்வளவு கச்சிதம்: எவ்வளவு நாள் ஆகும் என்று காலம் குறிக்கிறார், வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், வனக் காவலன் பெயரைச் சொல்லி மரம் கேட்கிறார். ஜெபித்த நாலு மாதத்தில் திட்டமும் போட்டிருக்கிறார். பிறகு எதிரிகள் மிரட்டியபோதும் ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவல் வைத்தோம் என்று ஒரே வசனத்தில் எழுதுகிறார் (4:9). நோய் விஷயத்திலும் இதேதான். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், பதினைந்து வருடம் கூட்டித் தருகிறேன் என்று பதிலும் வந்தது, அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த அத்திப்பழத்தை ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது பரவலாகிவிட்ட ஒரு பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜெபக்குறிப்பை நாலு ஊழியங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, யூடியூபில் ஒருவர் ஜெபிப்பதை ஓடவிட்டு, கையில் துணி மடித்துக்கொண்டே ஆமென் சொல்வது. பிறர் நமக்காக ஜெபிப்பது நல்லது, யாக்கோபு நிருபமே சபை மூப்பர்களை அழைக்கச் சொல்கிறது. ஆனால் அவர்கள் ஜெபம் உங்கள் ஜெபத்தோடு சேருவதற்குத்தான், உங்களுக்குப் பதிலாக அல்ல. நேரில் பேச வாய்ப்பிருக்கிற தகப்பனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தால், அதுவும் காணிக்கையோடு சேர்த்து, உறவு எங்கே இருக்கிறது?

ஜெபத்தையும் நடத்தையையும் வேதம் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு சங்கடமான விஷயம். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று பலிபீடத்தருகே நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. பேதுருவின் முதல் நிருபம் புருஷர்களைப் பார்த்து, மனைவியைக் கனம்பண்ணுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறது (3:7). இந்த வசனத்தை வைத்து ஒரு உபவாச ஜெபக் கூட்டம் நடத்தி நான் பார்த்ததில்லை. ஜெபத்தைத் தடுப்பது செய்வினை, பில்லிசூனியம் என்று கூட்டம் போட்டால் பந்தல் நிறையும், வீட்டில் மனைவியிடம் பேசுகிற தொனி என்றால் யார் வருவார்கள்?

"இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்பதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அதை எழுதிய பவுல் கூடாரத் தொழில் செய்தவர், அதே நிருபத்தில் இரவும் பகலும் வேலை செய்தோம் என்றும் எழுதியிருக்கிறார், முழங்காலிலேயே இருந்துகொண்டு கூடாரம் தைக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் சபைத் துறவி இருந்தார், மடத்துச் சமையற்கட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது, ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் இருக்கிற மாதிரியே கடவுளோடு இருக்கப் பழகிக்கொண்டார். ஒரே நாளில் வந்துவிடவில்லை, வருடங்கள் ஆயிற்று. காலையில் அந்தத் தனி நேரம் இருந்தால்தான் பகலில் பஸ்ஸில் நிற்கும்போதும் லிப்டில் ஏறும்போதும் ஒரு வரி ஜெபம் தானாக வரும். நேரம் ஒதுக்காமல் 'நான் நடக்கும்போதே ஜெபித்துக்கொள்வேன்' என்கிறவர்கள் பெரும்பாலும் நடக்க மட்டும் செய்கிறார்கள்.

கடைசியாக, குடும்ப ஜெபம். பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்றால் முதலில் எவ்வளவு நேரம் நடக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் வழக்கம் தெரிந்ததுதான்: இரவு எட்டரைக்கு டிவியை அணைத்து, பாயை விரித்து, ஒரு கீர்த்தனை, அதில் ஏழு சரணம், ஒரு முழு அதிகாரம், அப்புறம் அப்பா ஜெபிக்கிறார். உள்ளூர் சபையிலிருந்து ஆரம்பித்து, சொந்தக்காரர்களைப் பெயர் பெயராகச் சொல்லி, வியாதியஸ்தர், விதவைகள், தேசத் தலைவர்கள் வரைக்கும் போய், நடுவில் சின்னவன் பரீட்சைக்குப் படிக்காததையும் கடவுளிடம் போட்டுக்கொடுக்கிறார். சின்னவன் அதற்குள் அக்கா தோளில் தூங்கியிருப்பான், அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்திருக்கும், அம்மா ஒரு கண்ணைத் திறந்து சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை ஓடாமல் என்ன செய்யும்?

ஒரு சரணம், ஐந்தாறு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ஜெபத்துக்குள் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள், கண்டிக்க வேண்டியதை ஜெபம் முடிந்த பிறகு நேராகச் சொல்லுங்கள். அவன் நாளைக்கு மேட்சில் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபித்தால் சிரிக்காமல் ஆமென் சொல்லுங்கள், மறுநாள் தோற்று வந்தால் அன்று இரவு அதையும் அவனே அவரிடம் சொல்லட்டும். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளே நடத்தட்டும், எந்தப் பாட்டு என்பது அவர்கள் முடிவு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான பத்து நிமிடம் போதும். உங்கள் தனி ஜெபத்துக்கும் இதே கணக்குத்தான். வேலை கிடைக்காத வருடத்துக்கும் ஜெபிக்காத மாதங்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் பெரிதாக ஆரம்பிக்காதீர்கள், நாளைக்குக் காலையில் போனை எடுப்பதற்கு முன்னால் சங்கீதம் 13ஐ ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள், ஆறு வசனம்தான்.